கிண்டிலில் ஃபிராங்கன்ஸ்டைன்: ஒரு சொல்வளச் சோதனை

ஜிஆர்இ, ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களும், அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் ஏதேனும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடுவதற்குப் பதிலாக, ஒரு நல்ல நாவலைப் படித்தே அவற்றைக் கற்றுக்கொண்டுவிட முடியாதா? முடியும் என்ற நம்பிக்கையில்தான் அமேசான் தன் மின்நூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் மூன்று வசதிகளைச் சேர்த்திருக்கிறது: சொல்லின் மீது விரலை வைத்து அழுத்தினால் திறக்கும் அகராதி, கடினமான சொல்லின் தலைக்கு மேலேயே சிறிய எழுத்தில் எளிய பொருளைக் காட்டும் வேர்டு வைஸ், நாம் தேடிய சொற்களையெல்லாம் சேமித்து வைக்கும் வொகாபுலரி பில்டர். கிண்டிலின் திரை, மின்கலம், எடை ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவற்றை இங்கே தொடப்போவதில்லை. மேல்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பதற்கான கருவி என்ற ஒரே கோணத்தில், மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை அதில் முதலிலிருந்து முடிவுவரை படித்த அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நாவலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் முதலில் வெளிவந்து, 1831இல் திருத்திய பதிப்பாக மீண்டும் வந்த இந்த நூலுக்குக் காப்புரிமை இல்லை என்பதால், குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலிருந்து காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ 75,000 சொற்கள் கொண்ட நாவல் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநாவல்களைப் பார்த்து மலைப்பவர்களும் துணிந்து கையில் எடுக்கக்கூடிய அளவுதான். அதைவிட முக்கியமாக, தேர்வுப் பட்டியல்களில் இடம்பெறும் சொற்களில் பெரும் பகுதி அந்தக் காலத்துப் படித்தவர்களின் அன்றாட எழுத்து நடையைச் சேர்ந்தது. அந்த நடை இந்த நாவலில் தடையின்றி ஓடுகிறது. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18 என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் வியப்பு இன்னும் கூடும். திரைப்படங்களின் தயவால் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது இந்த நாவலில் வரும் அரக்கனின் பெயர் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது அவனைப் படைத்த மாணவனின் பெயர். அரக்கனுக்கு நாவலில் பெயரே கிடையாது. திரையில் உறுமிக்கொண்டு திரியும் அவன், நூலில் மற்ற எல்லாரையும் விடச் சொல்வன்மையோடு பேசுகிறான் என்பதும் படித்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

முதல் வாக்கியத்திலேயே சோதனை தொடங்கிவிடுகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வால்டன் என்ற கடற்பயணி இங்கிலாந்தில் இருக்கும் தன் சகோதரிக்கு எழுதும் கடிதம் அது. நீ எந்த முயற்சியைப் பற்றி அவ்வளவு தீய எதிர்பார்ப்புகளோடு இருந்தாயோ, அதன் தொடக்கத்தில் எந்த விபரீதமும் நேரவில்லை என்று கேட்டு நீ மகிழ்வாய் என்பது அதன் சாரம். அந்த ஒரே வாக்கியத்தில் கமென்ஸ்மென்ட், என்டர்பிரைஸ், ஃபோர்போடிங்ஸ் என்று மூன்று சொற்கள் வரிசையாக வருகின்றன. முதல் இரண்டை எப்படியோ கடந்துவிடும் வாசகர் மூன்றாவதில் நிற்பார். விரலை வைத்து அழுத்துவார். வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மீதே ஒரு சிறு பெட்டி திறந்து, கெடுதல் நேரப்போகிறது என்ற உள்ளுணர்வு எனப் பொருள் சொல்லும். பெட்டிக்கு வெளியே தொட்டால் அது மறைந்துவிடும். இணைய இணைப்பு தேவையில்லை, வேறு செயலிக்குப் போக வேண்டியதில்லை, கதை கைவிட்டுப் போகவும் இல்லை. லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கம் புரட்டி, திரும்பி வந்து விட்ட வரியைத் தேடிப் படித்த தலைமுறையினருக்கு இந்த எளிமை எவ்வளவு பெரிய வரம் என்று விளக்கத் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் கிண்டிலுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் எளிமையே இங்கே வேறொரு தொல்லையையும் கூட்டி வருகிறது. அந்த வாக்கியத்தை மறுபடி பார்த்தால், ஃபோர்போடிங்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் தீய என்ற அடைமொழி நிற்கிறது. சற்று முன்னே விபரீதம் என்ற சொல்லும் வந்துவிட்டது. எழுதுபவன் ஆபத்தான பயணத்துக்குப் புறப்பட்டவன் என்பதும் தெரிந்துவிட்டது. இவ்வளவு துணையிருக்கும்போது பொருளைத் தானே ஊகித்துவிட முடியும். அகராதி தேடுவது கடினமாக இருந்த காலத்தில் வாசகர் வேறு வழியின்றி ஊகித்தார். ஊகித்த சொல் மனத்தில் தங்கியது. விரல் நுனியில் விடை காத்திருக்கும்போது ஊகிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆகவே இந்தக் கருவியை வாங்குகிறவர் தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: முதலில் ஊகம், பிறகு அழுத்தம். மூன்றாம் அத்தியாயத்தில் பேராசிரியர் வால்ட்மன், பழைய ரசவாதிகளின் இன்டிஃபாட்டிகபிள் ஆன ஆர்வத்துக்கு இன்றைய அறிவியலாளர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்கிறார். பெரிய ஆர்வம், வீணான ஆர்வம், களைப்பறியாத ஆர்வம் என்று மூன்று ஊகங்களுக்கு அங்கே இடமிருக்கிறது. கடன்பட்டிருக்கிறோம் என்ற சொல் வீணான என்பதைத் தள்ளிவிடும். மீதி இரண்டில் களைப்பறியாத என்பதே சரி என்று அகராதி தீர்த்துவைக்கும். இப்படிச் சண்டையிட்டுப் பெற்ற பொருள் எளிதில் மறப்பதில்லை.

அகராதியின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டு அகராதிகள், ஒன்று அமெரிக்க ஆங்கிலத்துக்கும் மற்றொன்று பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்குமாக, கருவியோடு கிடைக்கின்றன. எதை வேண்டுமானாலும் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்பவை என்பதால், பொருளாகத் தரப்பட்ட சொல்லுக்கே இன்னொரு முறை பொருள் தேட வேண்டிய நிலை தொடக்கத்தில் அடிக்கடி வரும். அதைத் தாண்டியவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சியாக அமையும். ஒரு சொல் வழக்கொழிந்தது, இலக்கிய வழக்கு, முறைசார் வழக்கு என்றெல்லாம் அகராதி இடும் குறிப்பைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் பின்னால் வருந்துவார்கள். முகம், முகபாவம் என்ற பொருளில் கவுண்டனன்ஸ் என்ற சொல் இந்த நாவலில் திரும்பத் திரும்ப வருகிறது. படித்து முடிப்பதற்குள் அது நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதற்காக நம் மேலாளரின் கவுண்டனன்ஸ் வாடியிருந்தது என்று அலுவலக மின்னஞ்சலில் எழுதினால், படிக்கிறவர் முகம் வாடாமல் இருந்தால் சரி. உச்சரிப்பைப் பொறுத்தவரை பெட்டியில் குறியீடுகள் மட்டுமே உண்டு, ஒலி கிடையாது. எழுத்தைப் பார்த்தே ஒலியைத் தீர்மானித்துப் பழகிய நமக்கு இது ஒரு குறையே. முக்கியமான சொற்களையாவது கைபேசியில் ஒலியோடு ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த அகராதியாலும் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. தெரியாத சொல்லைத்தான் நாம் தேடுவோம். தெரிந்த சொல் பழைய பொருளில் வந்தால் தேடவே மாட்டோம். வால்டன் தன் இரண்டாவது கடிதத்தில், இதுவரை நிறைவேற்றிக்கொள்ள முடியாத ஒரு வான்ட் எனக்கு இருக்கிறது என்று எழுதி, எனக்கு நண்பன் இல்லை என்று தொடர்கிறான். எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்த சொல் என்று நாம் அதைக் கடந்து போய்விடுகிறோம். விருப்பம் என்று எடுத்துக்கொண்டாலும் வாக்கியம் ஓரளவு ஓடும். ஆனால் அவன் சொல்வது குறையை, இல்லாமையை. மேல்நிலைத் தேர்வுகளில் தேர்வாளர்கள் பொறி வைப்பதும் பெரும்பாலும் இத்தகைய எளிய தோற்றம் கொண்ட சொற்களில்தான். வாக்கியம் சற்றே இடறுகிறது என்று தோன்றும் இடத்தில், தெரிந்த சொல்லையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை வாசகர்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

வேர்டு வைஸ் வசதியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதை இயக்கிவிட்டால் கடினம் என்று கருதப்படும் சொற்களுக்கு மேல் ஓரிரு சொற்களில் எளிய பொருள் தானாகவே தோன்றும்; குறிப்புகள் அதிகம் வேண்டுமா, குறைவாக வேண்டுமா என்று நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கதை புரிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இது அருமையான உதவி. பள்ளியில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நாற்பது வயதில் முதல் ஆங்கில நாவலை எடுக்கிறவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொற்களைக் கற்பது நோக்கமானால், விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது போலத்தான் ஆகிறது. கண் கீழே இருக்கும் சொல்லைத் தொடாமல் மேலே இருக்கும் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அத்தியாயம் முடிந்த பின் கதை நினைவிருக்கும், சொல் நினைவிருக்காது. எல்லா நூல்களுக்கும் இந்த வசதி கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். கடையில் நூலின் விவரப் பக்கத்தில் வேர்டு வைஸ் உண்டு என்று குறித்திருந்தால்தான் வேலை செய்யும்.

நாவல் வாசிப்பு உண்மையில் சொற்களைக் கற்றுத்தருமா என்பதை மொழியியலாளர்கள் நாவல்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 1978இல் வெளியான ஓர் ஆய்வு நன்கு அறியப்பட்டது. ஆன்டனி பர்ஜஸின் எ கிளாக்வொர்க் ஆரஞ்ச் நாவலில், ரஷ்ய மொழி வேர்களைக் கொண்டு ஆசிரியர் உருவாக்கிய கொச்சைச் சொற்கள் 200க்கும் மேல் வருகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம், சொற்பட்டியல் இணைக்காத பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் அந்தச் சொற்களில் 90ஐ வைத்துத் தேர்வு நடத்தினார்கள். சராசரியாக 76 விழுக்காடு சரியாக இருந்தது. நாவல் போதும் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே படித்தவர்களுக்கு மற்ற சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன என்பதையும், அடிக்கடி வந்த சொற்களே நன்றாக ஒட்டின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். ஓமன் நாட்டின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு, தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றின் எளிமைப்படுத்திய வடிவத்தைக் கொடுத்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முழு நூலைப் படித்து அவர்கள் புதிதாகப் பெற்றவை சராசரியாக ஐந்து சொற்கள் அளவே இருந்தன. நம் நிலை இந்த இரண்டாவது கூட்டத்துக்கே நெருக்கமானது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு நாவலை அகராதியின் துணையின்றிச் சரளமாகப் படிக்க அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்றும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவைப்படும் என்றும் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டார். 98 விழுக்காடு என்பது கேட்பதற்கு முழுத் தேர்ச்சி போல ஒலிக்கும். 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் ஆறு சொற்கள் தெரியாமல் போகும் நிலை அது. ஃபிராங்கன்ஸ்டைன் முழுவதற்கும் கணக்கிட்டால் 1,500 இடங்களில் வாசகர் தடுக்குவார். அத்தனை இடத்திலும் அழுத்திப் பொருள் பார்த்தால் கதை செத்துவிடும். எதைத் தேடுவது, எதை விடுவது என்ற தேர்வுதான் இந்த முறையின் உயிர். அந்தத் தேர்வைக் கிண்டில் செய்துதராது. நாவலே கொஞ்சம் செய்துதருகிறது. ஒரே ஒருமுறை வரும் தாவரத்தின் பெயரையோ படகின் உறுப்பையோ விட்டுவிடலாம். இரண்டாவது முறை கண்ணில் படும் சொல்லைத் தேடலாம். ஆர்டர் என்று ஒலிக்கும், பேரார்வத்தைக் குறிக்கும் சொல், நல்லெண்ணம் கொண்ட என்ற பொருள் தரும் பெனவலன்ட், கடும் வெறுப்பைக் குறிக்கும் அப்ஹாரன்ஸ், இழிந்தவனைக் குறிக்கும் ரெட்ச் போன்றவை இந்த நாவலில் ஓயாமல் திரும்பி வருவதால், அவை கருவியின் தயவில்லாமலே மனத்தில் ஏறிவிடுகின்றன.

சொல்வளம் தேடுகிறவருக்கு இந்த நாவலை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம், அதன் நடுப்பகுதியே மொழி கற்பதைப் பற்றியது என்பதுதான். படைத்தவனால் கைவிடப்பட்ட அரக்கன், ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாகக் கண்பார்வையற்ற முதியவர் ஒருவரையும் அவருடைய மகன் ஃபீலிக்ஸையும் மகள் அகதாவையும் மாதக்கணக்கில் கவனிக்கிறான். முதலில் அவனுக்குப் பிடிபடுபவை நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்று கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களின் பெயர்கள். அடுத்து அந்த வீட்டாரின் பெயர்கள். நல்ல, அன்புக்குரிய, துயரமான என்பன போன்ற சொற்களைக் காதால் பிரித்தறிய முடிந்தும், அவற்றை எங்கே பயன்படுத்துவது என்று விளங்கவில்லை என்கிறான். பிறகு சாஃபி என்ற அரேபியப் பெண் அங்கே வந்து சேர, ஃபீலிக்ஸ் அவளுக்கு வோல்னி எழுதிய வரலாற்று நூலைக் கொண்டு மொழி கற்பிக்கிறான்; சுவருக்கு இப்பால் இருக்கும் இந்த மாணவன் அவளைவிட விரைவாகத் தேறுகிறான். ஒருநாள் காட்டில் கிடைக்கும் தோல் பெட்டியில் மில்டனின் காவியம், புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தொகுதி, கதேயின் வெர்தர் நாவல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் அவன் அந்தச் சொல்வன்மையை அடைகிறான். கதைப்படி அவன் கற்பது பிரெஞ்சு; நமக்குக் கிடைப்பது ஆங்கிலம். நான் நல்லெண்ணம் கொண்டவனாகவும் நல்லவனாகவும் இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்கியது என்று பின்னர் தன்னைப் படைத்தவனிடம் அவன் முறையிடும்போது, பெனவலன்ட் என்ற சொல்லுக்கு எந்த அகராதியும் தர முடியாத அழுத்தம் வந்து சேர்கிறது. அந்த வாக்கியத்தைப் படித்த பின் அந்தச் சொல்லை மறப்பது கடினம்.

வொகாபுலரி பில்டரின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. 2013இல் வந்த பேப்பர்வொயிட் மாதிரியோடு அறிமுகமான இந்த வசதி, நாம் அகராதியில் தேடிய ஒவ்வொரு சொல்லையும், அது நூலில் வந்த வாக்கியத்தோடு சேர்த்துப் பதிவு செய்துவைக்கிறது. சொல் வாரியாகவும் நூல் வாரியாகவும் பார்க்கலாம். பட்டியலைப் பார்த்து உருப்போட்ட சொல்லுக்கும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு நெருக்கடியில் சொன்னதாக நினைவிருக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஜிஆர்இ தேர்வில் 2011ஆம் ஆண்டு மாற்றத்தோடு எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் நீக்கப்பட்டு, வாக்கியத்தின் இடைவெளியை நிரப்பும் வகைக் கேள்விகள் முன்னுக்கு வந்துவிட்டன. சொல்லை வாக்கியத்தோடு சேர்த்துப் பிடித்துவைத்திருப்பவருக்கு இப்போதைய தேர்வு முறை கூடுதல் சாதகம் தருகிறது. 1990களிலிருந்து அமெரிக்காவில், தேர்வுச் சொற்களைத் தடித்த எழுத்தில் புகுத்தி அதற்கென்றே எழுதப்பட்ட நாவல்களும் சந்தைக்கு வந்தன. அந்த வகையில் சொல்லுக்காகக் கதை வளைக்கப்படுவதால் வாக்கியங்கள் பெரும்பாலும் செயற்கையாகிவிடுகின்றன. நல்ல நாவலின் சொந்த வாக்கியத்துக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

இவ்வளவு நன்றாகச் சேகரித்துவிட்டு, சேகரித்ததை நினைவில் நிறுத்தும் வேலையில் கிண்டில் ஏனோ அலட்சியம் காட்டுகிறது. ஃப்ளாஷ் கார்டு என்ற பெயரில் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பொருளைப் பார்க்கிறாயா, அடுத்ததற்குப் போகிறாயா, தேர்ச்சி பெற்றுவிட்டதாகக் குறிக்கட்டுமா என்று கேட்கிறது. தேர்ச்சி பெற்றோமா இல்லையா என்பதை நம் வாய்ச்சொல்லை நம்பியே ஏற்றுக்கொள்கிறது. மறக்கத் தொடங்கும் தறுவாயில் சொல்லை மறுபடி நினைவூட்டுவது, தவறவிட்ட சொல்லை விரைவில் திருப்பிக் காட்டுவது, தெரிந்த சொல்லுக்கு இடைவெளியை நீட்டுவது போன்ற ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. இதையே தொழிலாகக் கொண்ட ஆன்கி போன்ற இலவச மென்பொருள் 2006 முதல் புழக்கத்தில் இருக்கும்போது, பெரும் நிறுவனம் ஒன்று இவ்வளவு ஆண்டுகளாக இந்தப் பகுதியை வளர்க்காமல் விட்டிருப்பது புரியவில்லை. தவிர, விரல் தவறிப் பட்ட சொல்லும், ஆர்வத்துக்காகப் பார்த்த சொல்லும், உண்மையிலேயே கற்க வேண்டிய சொல்லும் ஒரே பட்டியலில் குவிந்துவிடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து வேண்டாதவற்றை நீக்காவிட்டால், நாவல் முடிவதற்குள் பட்டியல் மிரட்டும் அளவுக்கு வளர்ந்து, திறந்து பார்க்கவே மனம் வராது.

மாற்று வழி உண்டு. கணினியோடு இணைத்தால் கிண்டிலின் நினைவகத்தில் வொகாப் டிபி என்ற கோப்பில் இந்தச் சொற்களும் வாக்கியங்களும் இருப்பதைப் பழைய மாதிரிகளில் காணலாம். அதை ஆன்கிக்கு மாற்றித்தரும் சிறு கருவிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. கணினி விஷயங்களில் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அன்றன்று தேடியவற்றிலிருந்து நான்கைந்து சொற்களை மட்டும் தேர்ந்து, வாக்கியத்தோடு ஒரு நோட்டில் கையால் எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் சொந்தமாக ஒரு ஆங்கில வாக்கியத்தையும் எழுதிவைப்பது. சொந்த வாக்கியம் எழுதும்போதுதான் சொல் நமக்குப் புரிந்ததா, புரிந்தது போல இருந்ததா என்பது வெளிச்சமாகும். படித்தால் பொருள் தெரியும் சொற்களின் எண்ணிக்கை எப்போதும் நாமே பயன்படுத்தக்கூடிய சொற்களின் எண்ணிக்கையைவிடப் பெரியதாகவே இருக்கும். முதல் வகையை வளர்க்கக் கிண்டில் உதவுகிறது. இரண்டாவது வகைக்கு அதில் எந்த வழியும் இல்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்வளத்துக்காக மட்டும் இந்தக் கருவியை வாங்குவது ஒரு மாணவருக்குக் கட்டுப்படியாகாது. கைபேசியில் கிண்டில் செயலியை இலவசமாக நிறுவிக்கொண்டு, அழுத்திப் பொருள் பார்க்கும் வசதியை அங்கேயே பெறலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் அறிவிப்பு எட்டிப்பார்க்கும் திரையில் மேரி ஷெல்லியின் நீண்ட வாக்கியங்களைத் தொடர்ந்து படிப்பது எளிதல்ல. நடைபாதைக் கடைகளிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் கிடைக்கும் மலிவுப் பதிப்பும், கூரான ஒரு பென்சிலும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அகராதியும் சேர்ந்தாலும் இந்த வேலை நடக்கும். நேரம் கூடுதலாகும், ஊகிக்கும் பழக்கம் தானாக வரும். ஏற்கெனவே ஆங்கிலத்தில் தொடர்ந்து படிப்பவர், ஒரு நாவலோடு நிறுத்தாமல் பல நூல்களைப் படிக்கப்போகிறவர், இரவில் வீட்டாரின் உறக்கம் கெடாமல் படிக்க வேண்டியவர் ஆகியோருக்குக் கிண்டில் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவசரமாக வாங்குகிறவருக்கு அந்தப் பணத்தைப் பயிற்சித் தேர்வுகளில் செலவிடுவதே மேல். இரண்டு மாதத்தில் ஒரு நாவல் தரக்கூடிய சொற்கள் குறைவு; இரண்டு ஆண்டுகளில் பதினைந்து நாவல்கள் தரக்கூடியவை நிறைய.

ஃபிராங்கன்ஸ்டைனைத் திறந்து முதல் பத்துப் பக்கங்களிலேயே ஒவ்வொரு வரியிலும் தடுக்கினால், அதை மூடிவைத்துவிட்டு எச்.ஜி. வெல்ஸின் தி டைம் மெஷின் நாவலிலிருந்து தொடங்கலாம். 1895இல் வெளிவந்த அதன் நீளம் இதில் பாதிக்கும் குறைவு, வாக்கியங்கள் சிறியவை, காலத்தாலும் நம் ஆங்கிலத்துக்கு இன்னும் அருகில் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். எதைப் படித்தாலும் வேர்டு வைஸை அணைத்துவிட்டு, முதல் வாசிப்பில் ஓர் அத்தியாயம் முடியும்வரை அகராதியைத் தொடாமல் போய்ப் பாருங்கள். அத்தியாயம் முடிந்த பின் திரும்பி வந்து, எந்தெந்தச் சொற்கள் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றனவோ அவற்றை மட்டும் அழுத்துங்கள். வொகாபுலரி பில்டரில் சேர வேண்டியவை அவை மட்டுமே.